வரைபடத்தைச் சுருக்கினால் ஆய்வு சுருங்கும்: ஒரு நிலவியல் ஆய்விதழின் ஆசிரியர் குழுவுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் குழுவினருக்கு,

கட்டுரையாளர்களுக்கான விதிகளைத் திருத்தி வெளியிட்டிருக்கிறீர்கள். அதில் படங்கள் பற்றிய பகுதியை எங்களால் ஏற்க முடியவில்லை. இனி எல்லாப் படங்களும் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அளவில், படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் கோப்பாக, ஒவ்வொன்றும் 1 எம்பிக்கு (மெகாபைட்) மிகாமல் வர வேண்டும் என்கிறீர்கள். நிலவியல் வரைபடம் ஒற்றைப் பத்தி அகலத்துக்குள், அதாவது 85 மில்லிமீட்டருக்குள் அடங்க வேண்டும். அடங்காதது, கட்டுரைக்கு வெளியே தனியாக இருக்கும் துணைக்கோப்புக்குப் போகும். குறிவிளக்கத்தைப் படத்திலிருந்து எடுத்துவிட்டுப் படத்தின் கீழே வாக்கியமாக எழுத வேண்டும். வண்ணத்துக்குக் கட்டணம் கட்டாதவர்களின் படங்களை அச்சகமே கறுப்பு வெள்ளையாக மாற்றிக்கொள்ளும்.

இதை எழுதும் நாங்கள் களத்தில் வரைபடம் எடுப்பவர்கள், எடுத்ததைக் கணினியில் வரைந்து முடிப்பவர்கள், உங்கள் இதழுக்கு வரும் கட்டுரைகளை மதிப்பாய்வு செய்பவர்கள். பல துறைகளில் படம் என்பது எழுத்தில் சொன்னதைக் காட்டும் துணை. நிலவியலில் வரைபடம்தான் தரவு. கட்டுரையில் வரும் வயது, பாறையடுக்கின் கனம் (தடிமன்), பாறைகள் உருவான வரிசை எல்லாம் அதிலிருந்து பெறப்பட்டவை. வரைபடத்தைப் படிக்க முடியாவிட்டால் கட்டுரையைச் சரிபார்க்கவும் முடியாது.

முதலில் கோடுகளைப் பாருங்கள். இரண்டு பாறைகள் சந்திக்கும் இடத்தைக் காட்டும் கான்டாக்ட் கோடு தொடர்கோடாக இருந்தால், களத்தில் நின்று பார்த்து வரைந்தது என்று பொருள். விட்டுவிட்டு வரைந்திருந்தால் இடம் ஏறக்குறையத்தான் தெரியும். புள்ளிக்கோடு என்றால் வண்டலுக்கோ மண்ணுக்கோ அடியில் மறைந்திருக்கிறது. பக்கத்தில் கேள்விக்குறி இருந்தால் இருப்பதே ஐயம். ஆய்வாளர் எவ்வளவு உறுதியாகச் சொல்கிறார் என்பதை வேறெங்கும் எழுதுவதில்லை. இந்தக் கோட்டில்தான் எழுதுகிறார். இப்போது உங்கள் விதிப்படி கணக்குப் போடுங்கள். 0.25 பாயிண்ட் கோடு (1 பாயிண்ட் என்பது அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கு) 300 டிபிஐயில் ஒரே ஒரு பிக்சல். ஜேபெக் படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாக வெட்டிச் சுருக்குகிறது. கோப்பைச் சிறிதாக்க வழக்கமாகச் செய்வதுபோல, நிறத்தகவலை நான்கு பிக்சலுக்கு ஒன்று என்று குறைக்கவும் செய்கிறது. விளைவு, விட்டுவிட்டு வரைந்த கோட்டின் இடைவெளிகள் சாம்பலாகக் கசிந்து நிரம்புகின்றன. பச்சைத் தளத்தின் மேல் போட்ட மெல்லிய சிவப்பு ஃபால்ட் (பாறை உடைந்து நகர்ந்த பிளவு) கோடு பழுப்புக் கறையாகிறது. ‘ஏறக்குறைய இங்கே’ என்று வரைந்தவர் சொன்னது, அச்சில் ‘உறுதியாக இங்கே’ என்று ஆகிவிடுகிறது. இதைப் படத்தின் தரக்குறைவு என்று மட்டும் நாங்கள் பார்க்கவில்லை. ஆய்வாளர் சொல்லாத ஒன்றை அவர் பெயரில் வெளியிடுவதாகவே பார்க்கிறோம்.

ஒரு பாறைத்தொகுதி இன்னொன்றின் மேல் ஏறிய த்ரஸ்ட் ஃபால்ட்டின் கோட்டில் வரையும் பற்களுக்கும் இதே கதி. முக்கோணப் பற்கள் மேலேறிய பாறைத்தொகுதியின் பக்கம் இருக்க வேண்டும். எந்தப் பக்கம் பல் என்பதை வைத்தே ஃபால்ட் எந்தத் திசையில் சாய்கிறது என்று படிக்கிறோம். அச்சில் பல்லின் அடிப்பக்கம் 1.5 மில்லிமீட்டராவது இருந்தால்தான் பக்கம் தெரியும். அதற்குக் கீழே போனால் கோட்டின் மேல் வெறும் முடிச்சுகள்தான் மிஞ்சும்.

அடுத்து 85 மில்லிமீட்டர். 60 கிலோமீட்டர் நீளமுள்ள பகுதியை அந்த அகலத்தில் அடக்கினால் அளவு ஏறக்குறைய 1:700,000. அதில் 0.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள கோடு தரையில் 140 மீட்டரை மூடிவிடும். 140 மீட்டர் அகலத்தில் வெளித்தெரியும் சுண்ணாம்புப் பாறைப் படுகையைக் கோடே தின்றுவிடும். 190 மில்லிமீட்டர் முழுப்பக்க அகலம் கொடுத்தால் அளவு 1:316,000 ஆகும், அதே கோடு 63 மீட்டராகும். பெரும்பாலோர் ஏ3 தாளில் 400 மில்லிமீட்டர் அகலத்துக்கு வரைந்துவிட்டுப் பிறகு சுருக்குகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 400-ஐ 85-ஆக்கும்போது 8 பாயிண்ட் எழுத்து 1.7 பாயிண்ட் ஆகிறது, 1 பாயிண்ட் கோடு 0.21 ஆகிறது. 1:50,000 என்று எண்ணால் எழுதிய அளவு அந்த நொடியே பொய்யாகிறது. அளவுக்கோல் பட்டை படத்தோடு சேர்ந்து சுருங்குவதால் அது மட்டும் தப்பிக்கும்.

இதில் கட்டுரையாளர்கள் மீதும் தவறு உண்டு, மறைக்கவில்லை. அச்சு அளவை முதலில் முடிவு செய்து, வரைகலை மென்பொருள்களான கோரல்டிராவிலோ இங்க்ஸ்கேப்பிலோ பக்கத்தையே 190 மில்லிமீட்டராக வைத்துக்கொண்டு வரையத் தொடங்குபவர்கள் குறைவு. அப்படித் தொடங்கினால் திரையில் 100 சதவீதத்தில் தெரிவதே அச்சில் வரும். கான்டாக்ட் கோடு 0.2 மில்லிமீட்டர், ஃபால்ட் 0.4 முதல் 0.5, ஸ்ட்ரைக் (சாய்ந்த படுகையின் கிடைக்கோட்டுத் திசை) குறியின் நீளம் 4, சாயும் பக்கத்தைக் காட்டும் சாய்வுக் குச்சி 1.5, சாய்வு எண் 6 பாயிண்டுக்குக் குறையாமல், ஊர்ப்பெயர்கள் 7 பாயிண்ட். இந்த எண்களை விதியில் எழுதியிருந்தால் நாங்கள் கைதட்டியிருப்போம். நீங்கள் எழுதியிருப்பது எம்பி கணக்கு.

கறுப்பு வெள்ளை மாற்றம்தான் எங்களை அதிகம் கவலைகொள்ளச் செய்கிறது. 1881-இல் பொலோனாவில் கூடிய பன்னாட்டு நிலவியல் மாநாட்டிலிருந்தே நிலவியல் காலங்களுக்குப் பொதுநிறம் வேண்டும் என்ற முயற்சி நடந்துவருகிறது. உலக நிலவியல் வரைபட ஆணையம் ஒவ்வொரு காலத்துக்கும் நிற எண்களைத் தந்திருக்கிறது. பின் கிரெட்டேசியஸ் (கிரெட்டேசியஸின் பிற்பகுதி) காலத்துக்கு சிவப்பு 166, பச்சை 216, நீலம் 74. அதற்கு அடுத்த பேலியோசீனுக்கு 253, 167, 95. ஒன்று இளம்பச்சை, மற்றது ஆரஞ்சு. கண்ணால் பார்த்தால் யாரும் குழம்ப மாட்டார்கள். இவற்றைச் சாம்பலாக்கும் வழக்கமான வாய்பாட்டில் போடுங்கள்: சிவப்பை 0.299-ஆல், பச்சையை 0.587-ஆல், நீலத்தை 0.114-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். முதலாவது 184.9, இரண்டாவது 184.5. முழு எண்ணாக்கினால் இரண்டும் 185.

அரியலூரை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கல்லமேடு அடுக்கு பின் கிரெட்டேசியஸ். அதன் மேல் வரும் நின்னியூர் அடுக்கு பேலியோசீன். டைனோசர்கள் அழிந்த காலத்தின் எல்லை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வருகிறது. அந்தப் பகுதிக்கு வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் வருவதற்கு அந்த எல்லையும் ஒரு காரணம். ஆணையத்தின் நிறத்தை ஒழுங்காகப் பின்பற்றி ஒரு மாணவி வரைந்து அனுப்பும் வரைபடத்தில், உங்கள் அச்சகத்தின் ஒரே சொடுக்கில் அந்த எல்லை காணாமல் போகும். விதியை மீறிக் கண்டபடி நிறம் போட்டவரின் படம் ஒருவேளை தப்பிக்கும்.

கறுப்பு வெள்ளையில்தான் அச்சிட வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு, ஆனால் அதை வரைபவர்தான் செய்ய முடியும். நிறத்தை எடுத்துவிட்டு, மணற்பாறைக்குப் புள்ளி, சுண்ணாம்புப் பாறைக்குச் செங்கல் அடுக்கு, களிப்பாறைக்குக் குறுங்கோடு என்று நிரப்ப வேண்டும். ஒவ்வொரு திட்டின் மேலும் எழுத்துக்குறியீடு போட வேண்டும். நிரப்புக் கோடுகளின் இடைவெளி 0.8 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் அச்சில் அடைத்துக்கொள்ளும். இரண்டு நாள் வேலை. அச்சகம் தானாகச் செய்யும் காரியம் கிடையாது. எழுத்துக்குறியீடு வண்ணப் படத்துக்கும் வேண்டும். ஐரோப்பிய வழியினரான ஆண்களில் ஏறக்குறைய 8 சதவீதம் பேருக்குச் சிவப்பு பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது, மற்ற நாட்டவரிலும் அப்படிப் பலர் உண்டு. புவியீர்ப்பு, காந்த அளவீட்டுப் படங்களில் வானவில் நிறவரிசையை இன்னமும் அனுமதிக்கிறீர்கள். மஞ்சள் பட்டை வரும் இடத்தில் தரவில் இல்லாத விளிம்பு ஒன்று கண்ணுக்குத் தோன்றும் என்பது பழகிய குறை. வெளிச்சம் சீராக ஏறும் விரிடிஸ் போன்ற வரிசைகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

குறிவிளக்கத்தைப் படத்தின் கீழே வாக்கியமாக எழுதச் சொன்னது யாருடைய யோசனை என்று தெரியவில்லை. ‘இளம்பச்சை: கல்லமேடு, சற்று அடர்ந்த பச்சை: சில்லக்குடி, அதைவிட அடர்ந்தது: காரை’ என்று எழுதினால் எந்த வாசகர் எந்தப் பச்சையைத் தேடுவார்? குறிவிளக்கம் வெறும் நிறப்பட்டியல் இல்லை. இளைய பாறை மேலே, மூத்த பாறை கீழே, ஊடுருவிய தீப்பாறைகள் தனியே, இடையில் அரிப்பால் விடுபட்ட காலம் அலைக்கோடாக என்று அதுவே ஒரு காலவரிசை அட்டவணை. அதைப் பார்த்த உடனே அந்தப் பகுதியின் வரலாறு பாதி புரிந்துவிடும்.

கோப்பு பெரிதாக வருகிறது என்ற உங்கள் சிரமம் உண்மையானது. ஆனால் பெரிதாவதற்குக் காரணம் கோடுகளோ நிறத் திட்டுகளோ இல்லை. பிக்சல்களாக இல்லாமல் கோடுகளாகவே சேமிக்கும் வெக்டார் பிடிஎஃப்பாகக் கொடுத்தால் ஒரு முழுப்பக்க வரைபடம் பெரும்பாலும் உங்கள் 1 எம்பிக்குள்ளேயே அடங்கும். கனமாவது, மேடுபள்ளங்களை நிழலாகக் காட்ட அடியில் போடும் மலைநிழல் படம். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் நிறத் திட்டுகளை 50 சதவீதம் ஊடுதெரியும்படி வைத்து மலைநிழலின் மேல் போட்டு ஏற்றுமதி செய்தால், மென்பொருள் முழுப் படத்தையும் பிக்சலாக மாற்றிவிடும், எழுத்தும் கோடும் சேர்ந்து பிக்சலாகும், கோப்பு ஊதிப்போகும். இன்னொரு கெடுதல், மேட்டில் ஒரு பச்சை, பள்ளத்தில் ஒரு பச்சை என்று நிறம் மாறிக் குறிவிளக்கப் பெட்டியோடு எதுவும் ஒத்துப்போகாது. செய்ய வேண்டியது இதுதான்: மலைநிழலை மட்டும் தனியாக 300 டிபிஐயில், 20 முதல் 30 சதவீதம் அடர்த்தியில் ஏற்றுமதி செய்யுங்கள். கோடுகள், திட்டுகள், எழுத்துகளை எஸ்விஜி என்ற வெக்டார் கோப்பாகத் தனியே எடுங்கள். இரண்டையும் இங்க்ஸ்கேப்பில் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, திட்டுகள் அடுக்குக்கு மட்டும் ‘மல்டிப்ளை’ கலப்பு கொடுங்கள். குறிவிளக்கப் பெட்டிகளுக்கு அடியிலும் ஒரு துண்டு மலைநிழலைப் போட்டுவிட்டால் நிறங்கள் பொருந்தும். எழுத்துருவைப் பிடிஎஃப்புக்குள் பதித்து அனுப்பினால் ஊர்ப்பெயரைத் தேடவும் முடியும். இதை ஒரு பக்க வழிகாட்டியாக நீங்கள் வெளியிட்டிருக்கலாம்.

விதியில் இருப்பதைவிட இல்லாதவை இன்னும் அதிகம் உறுத்துகின்றன. குறுக்குவெட்டுப் படத்தில் செங்குத்து அளவை எத்தனை மடங்கு பெரிதாக்கியிருக்கிறார்கள் என்று எழுதுவதை நீங்கள் கட்டாயமாக்கவில்லை. 3 பாகை சாய்ந்த படுகையை 10 மடங்கு பெரிதாக்கினால் படத்தில் அது ஏறக்குறைய 28 பாகையாகத் தெரியும். சாய்வின் டேன்ஜென்ட் மதிப்புதான் பத்தால் பெருகுகிறது, கோணம் இல்லை. மடங்கை எழுதாவிட்டால், தரையில் 1 கிலோமீட்டர் அகலமாக வெளித்தெரியும் படுகையின் கனத்தை 3 பாகைக்கு 52 மீட்டர் என்று கணக்கிட வேண்டியவர் 28 பாகைக்கு 460 மீட்டருக்கும் மேல் என்று கணக்கிடுவார். குறுக்குவெட்டுக்கோடு ஸ்ட்ரைக்குக்குச் செங்குத்தாக இல்லாதபோது உண்மைச் சாய்வையே வரைந்துவிடுவதும் அடிக்கடி வருகிறது. ஸ்ட்ரைக்கிலிருந்து 30 பாகை விலகிய வெட்டில், 30 பாகை உண்மைச் சாய்வு 16 பாகையாகத்தான் தெரிய வேண்டும். இதை ஒரு மதிப்பாய்வாளர் சரிபார்க்க, வரைபடத்தில் வெட்டுக்கோட்டின் இரு முனைகளும் அவற்றின் எழுத்துகளும் இருக்க வேண்டும். பல கட்டுரைகளில் இருப்பதில்லை. திருப்பி அனுப்பப்படுவதும் இல்லை.

ஆள்கூறுகளுக்கும் விதி இல்லை. நம் பழைய டோப்போஷீட்டுகள் (நில அளவைத் துறையின் நிலப்படத் தாள்கள்) பூமியின் வடிவத்துக்கு எவரெஸ்ட் நீள்வட்டம் என்ற பழைய மாதிரியில் அமைந்தவை; 2005 தேசிய வரைபடக் கொள்கைக்குப் பிறகு வந்த திறந்த வரிசைத் தாள்களும் கையிலிருக்கும் ஜிபிஎஸ்ஸும் டபிள்யூஜிஎஸ் 84 என்ற உலகப் பொது மாதிரியில் இருக்கின்றன. பழைய தாளை அடித்தளமாக வைத்து, ஜிபிஎஸ் புள்ளிகளை மாற்றாமல் அதன் மேல் தூவினால் தமிழகப் பகுதியில் நூறு மீட்டருக்கும் மேல் விலகல் வரும். 1:50,000 அளவில் அது 2 மில்லிமீட்டர். கான்டாக்ட் மலைச்சரிவிலிருந்து ஓடைக்குள் இறங்கிவிடும். யுடிஎம் என்ற உலக ஆள்கூற்று முறையின் மண்டல எண்ணும் அப்படித்தான். 43-க்கும் 44-க்கும் நடுவிலான 78 பாகை தீர்க்கரேகை திண்டுக்கல்லை ஒட்டிப் போகிறது. மண்டல எண் எழுதாத மாதிரி இடப் பட்டியலை வைத்துக்கொண்டு அந்த வட்டாரத்தில் யாரும் ஒரு பாறையைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியாது. மூலையில் வைக்கும் சிறு இந்திய வரைபடத்தில் நாட்டு எல்லை இந்திய நில அளவைத் துறையின் படத்தோடு ஒத்துப்போகிறதா என்று உங்கள் அலுவலகம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறது. பார்க்க வேண்டியதுதான். அந்தக் கவனத்தில் பாதி பெரிய படத்துக்கும் கிடைக்கட்டும்.

ஸ்ட்ரைக் குறிகளைக் கணினி தானாகச் சுழற்றி வைக்கும்போது சாய்வுத் திசையையும் ஸ்ட்ரைக் திசையையும் குழப்பி, எல்லாக் குறிகளும் 90 பாகை திரும்பி நிற்பதை நாங்கள் கைப்பிரதிகளில் பார்க்கிறோம். எந்த மரபில் அளந்தார்கள் என்று ஒரு வரி எழுதச் சொன்னால் போதும், பிடித்துவிடலாம். திசை அளவீடுகளை வட்ட வலையில் குறிக்கும் ஸ்டீரியோநெட்டுக்குச் சமபரப்பு வலையா சமகோண வலையா, கீழ் அரைக்கோளமா, எத்தனை அளவீடுகள் என்ற மூன்றும் வேண்டும். மதிப்பாய்வாளருக்கு இதெல்லாம் தெரிந்தால்தானே கேட்பார்? உங்கள் தளம் எங்களுக்கு அனுப்பும் பிடிஎஃப்பில் படங்கள் 150 டிபிஐக்குக் குறைக்கப்பட்டிருக்கின்றன. 85 மில்லிமீட்டர் படம் அதில் 502 பிக்சல். சாய்வு எண் 3-ஆ 8-ஆ என்று ஊகித்துக்கொண்டு ஒப்புதல் தரச் சொல்கிறீர்கள்.

துணைக்கோப்பு என்ற ஏற்பாட்டுக்கு வருவோம். உங்கள் விதிப்படியே அது மதிப்பாய்வுக்கு உட்படாது, நிரந்தர அடையாள எண்ணும் கிடையாது. முதன்மைத் தரவை அங்கே தள்ளுவது சரியா? படம் எவ்வளவு காலம் பேச வேண்டியிருக்கும் என்பதற்குக் கல்லமேட்டிலேயே சாட்சி இருக்கிறது. அங்கே கிடைத்த மிகப்பெரிய டைனோசர் எலும்புகளை 1980களின் பிற்பகுதியில் புருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டு விவரித்தார்கள். எலும்புகள் உதிர்ந்து அழிந்துபோயின. அச்சில் இருந்தவை கோட்டோவியங்களும் தெளிவில்லாத சில புகைப்படங்களும் மட்டுமே. அது எலும்புதானா, கல்லாகிப்போன மரமா என்ற ஐயம் பல ஆண்டுகள் நீடித்தது. 2022-இல் பழைய களப் புகைப்படங்கள் வெளியான பிறகே எலும்பு என்ற பக்கம் வலுப்பெற்றது. பொருள் போன பிறகு படம்தான் ஆதாரம். சுண்ணாம்புச் சுரங்கங்கள் விரியும் அரியலூரில் இன்று வெளித்தெரியும் பாறைமுகம் நாளை இருக்கும் என்று சொல்ல முடியாது. அதே வட்டாரத்தை 1860களில் ஹென்றி பிளான்ஃபோர்ட் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். இன்று வேலை செய்பவர்களும் அந்தப் பிரிவிலிருந்தே தொடங்குகிறார்கள்.

எங்கள் கோரிக்கைகளைச் சொல்லிவிடுகிறோம்.

ஒற்றைப் பத்தி, ஜேபெக், 1 எம்பி ஆகிய மூன்று வரம்புகளையும் நிலவியல் வரைபடம், குறுக்குவெட்டு, பாறையடுக்குத் தூண் ஆகியவற்றுக்குத் திரும்பப் பெறுங்கள். வெக்டார் பிடிஎஃப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். பிக்சலாகத்தான் தர முடியும் என்பவரிடம் கோட்டுப் படத்துக்கு 1000 டிபிஐ, இழப்பில்லாத டிஃப் கோப்பு கேளுங்கள். களப்பணி அடிப்படையிலான ஒவ்வொரு கட்டுரைக்கும் 190 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு முழுப்பக்க வரைபடத்தைப் பக்கக் கணக்கில் சேர்க்காமல் கொடுங்கள். குறிவிளக்கம் படத்துக்குள்ளேயே இருக்கட்டும்.

இணையப் பதிப்பில் வண்ணத்துக்குக் கட்டணம் வேண்டாம். அங்கே மை செலவு இல்லை. அச்சுக்காகக் கறுப்பு வெள்ளை தேவைப்பட்டால் கட்டுரையாளரிடம் தனிப்படம் கேளுங்கள். அச்சகம் மாற்றிய எந்தப் படமும் புரூஃபில் கட்டுரையாளர் ஒப்புதல் தராமல் வெளியாகக் கூடாது.

நீள்வட்டம், வீழ்ப்படம் (உருண்டையைத் தாளில் விரிக்கும் முறை), மண்டல எண், அளவுக்கோல் பட்டை, கோடுகளின் உறுதிநிலை, வெட்டுக்கோட்டு முனைகள், செங்குத்து மடங்கு, ஸ்டீரியோநெட் விவரம் ஆகியவை உள்ளனவா என்று சமர்ப்பிக்கும்போதே கேட்கும் சரிபார்ப்புத் தாள் ஒன்றைச் சேர்த்து, ஒன்று குறைந்தாலும் மதிப்பாய்வுக்கு முன்பே திருப்பி அனுப்புங்கள். அந்தத் தாளின் வரைவை எழுதித்தர நாங்கள் தயார். மதிப்பாய்வாளர்களுக்கு மூலக்கோப்பைத் தரவிறக்கும் இணைப்பு வேண்டும். வரைபடத் தரவு அடங்கிய ஜியோபேக்கேஜ் கோப்பையும் அளவீட்டு அட்டவணையையும் ஜெனோடோ போன்ற நிரந்தர எண் தரும் களஞ்சியத்தில் இடச் சொல்லி, அந்த எண்ணைக் கட்டுரையின் முதல் பக்கத்தில் அச்சிடுங்கள்.

ஏற்கெனவே மதிப்பாய்வில் இருக்கும் கட்டுரைகளுக்குப் பழைய விதியே பொருந்தும் என்று உடனே அறிவியுங்கள். அவற்றை எழுதியவர்களில் பலர் முனைவர் பட்டத்துக்காக வெளியீட்டை எதிர்பார்த்திருக்கும் மாணவர்கள். படத்தை மறுபடி வரையச் சொன்னால் அவர்களின் தேதி தள்ளிப்போகும். மற்றவற்றுக்கு அடுத்த இதழ் அச்சுக்குப் போகும் முன் எழுத்தில் பதில் தர வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
களத்தில் வரைபடம் எடுப்போரும், வரைவோரும், உங்கள் மதிப்பாய்வாளர்களும்